முதல் பெயர் யாருடையது?

போன ஞாயிறு எங்கள் சொசைட்டியில் ஏஜிஎம். மும்பையில் ஃப்ளாட் வாங்கியவர்களுக்குத் தெரியும், சமோசாவும் டீயும் வரும்வரை சண்டை ஓயாது. இந்த முறை தண்ணீர் டேங்க். புதிதாக மாற்றுவதா, ஒட்டுப்போட்டு ஓட்டுவதா?

காலையில் கலங்கல் தண்ணீரை வடிகட்டுவதும், பம்ப் போடச் சொல்லி வாட்ச்மேனுக்குப் போன் செய்வதும் தங்கமணிதான். எட்டு மணி லோக்கலைப் பிடித்தால் நான் திரும்ப ராத்திரி ஆகும். சிக்கனம் என்று நினைத்து ஒட்டுப்போட நான் கை தூக்கினேன். தங்கமணி மாற்றச் சொல்லித் தூக்கினார். "பாபிஜி, சார்தான் வந்திருக்காரே, உங்க ஓட்டு கணக்குல வராது" என்றார் செக்ரட்டரி. டேங்க் மாற்றும் தீர்மானம் ஒரே ஓட்டில் தோற்றது.

அவர் சொன்னது சரிதான். மகாராஷ்டிரக் கூட்டுறவுச் சங்கச் சட்டப்படி (1960) ஓர் உறுப்பினருக்கு ஒரு ஓட்டு. கூட்டாக வாங்கியிருந்தால், ஷேர் சர்டிபிகேட்டில் முதலில் பெயர் உள்ளவருக்குத்தான் அது. அவர் வராதபோதுதான் அடுத்த பெயர்.

மூன்று பெட்ரூம்காரர் ஒருவர், "பெரிய ஃப்ளாட்டுக்குக் கூடுதல் ஓட்டு வேண்டும்" என்பார். 1970-ஆம் ஆண்டின் அடுக்ககச் சட்டத்தில் பதிவான காண்டோமினியங்களில் அப்படித்தான், பங்கு சதவீதப்படி ஓட்டு. எனக்கு அதில் உடன்பாடில்லை. பணம் பேசும் இடமான தனியார் வங்கிகளிலேயே, எத்தனை பங்கு வைத்திருந்தாலும் ஒருவருக்கு 26 சதவீதத்துக்கு மேல் ஓட்டுரிமை கிடையாது. குடியிருக்கும் இடத்தில் சதுர அடிக்கா ஓட்டு?

சரி, பத்திரத்தில் பெயருள்ள எல்லோருக்கும் ஓட்டு கொடுத்துவிடலாமா? வேண்டாம். மகன், மருமகள் என்று பெயரைச் சேர்த்து ஓட்டைப் பெருக்குவார்கள். தனியாக வாழும் விதவையின் ஒற்றை ஓட்டு அடிபட்டுப் போகும்.

வீட்டுக்கு ஒரு ஓட்டு, அதுவே நியாயம். ஆனால் அது வீட்டு நிலவரம் தெரிந்தவர் கையில் இருக்க வேண்டும். கடன் யார் சம்பளத்தில் கட்டுகிறோமோ அவர் பெயரை முதலில் எழுதுவது வெறும் பழக்கம். எங்கள் பத்திரத்திலும் அப்படி எழுதியது நான்தான்.

அடுத்த கூட்டத்துக்கு நான் போகப்போவதில்லை. கடிதம் கொடுத்து தங்கமணியை அனுப்பப் போகிறேன். நீங்கள் இனிமேல்தான் வீடு வாங்கப் போகிறீர்கள் என்றால், யார் பெயர் முதலில் என்று கையெழுத்துக்கு முன் வீட்டில் பேசிவிடுங்கள்.

டேங்க்? இன்றைக்கும் கலங்கல்தான். வடிகட்டுவது இப்போது அடியேன் :-)