மார்கழியில் போர் தண்ணீர் ஏன் வெதுவெதுப்பாக வருகிறது? பதில் ஊட்டி ட்ரவுட் மீனிடம் இருக்கிறது!

மார்கழி மாதம், விடியற்காலை 5 மணி. அம்பத்தூரில் வாசல் தெளிக்க மோட்டாரைப் போட்டு வாளியில் கை வைத்தால், போர் தண்ணீர் வெதுவெதுப்பாக வரும். "ஹீட்டர் போட்டிருக்கா?" என்று பிள்ளைகள் கேட்பார்கள். அதே மோட்டார், அதே குழாய், மே மாத மதியம் 2 மணிக்கு ஜில்லென்று ஊற்றும். ஆவடியிலும் பூந்தமல்லியிலும் கிணறு இருந்த வீடுகளில் பாட்டிமார்களுக்கு நன்றாகத் தெரிந்த சங்கதி இது.

உண்மையில் தண்ணீர் மாறவில்லை. வெளிக்காற்றுதான் மாறியிருக்கிறது. பூமிக்குள் பத்து, பதினைந்து மீட்டர் ஆழத்தில் வெயிலும் குளிரும் எட்டிப் பார்ப்பதில்லை. அங்கே வெப்பநிலை வருடம் முழுக்க ஏறக்குறைய ஒரே அளவில்தான் இருக்கும். அந்த அளவும், அந்தந்த ஊரின் ஆண்டுச் சராசரி வெப்பநிலையும் கிட்டத்தட்ட ஒன்றுதான். சென்னைப் பக்கம் என்றால் 28, 29 டிகிரி செல்சியஸ். வெளியே 21 டிகிரி குளிரில் அது வெதுவெதுப்பு. 40 டிகிரி வெயிலில் அதுவே குளிர்ச்சி. (மொட்டை மாடி டேங்க் தண்ணீர் இந்தக் கணக்கில் சேராது. மே மாதத்தில் அதில் டீத்தூள் போட்டால் போதும்!)

இதே கணக்கை ஊட்டிக்குப் போட்டுப் பாருங்கள். அங்கே ஆண்டுச் சராசரி 14, 15 டிகிரி. ஆக, நீலகிரியின் உச்சிப் பகுதியில் மண்ணுக்குள்ளிருந்து கசிந்து வரும் ஊற்று நீர், உறைபனி கொட்டும் ஜனவரியிலும், வெயில் காயும் ஏப்ரலிலும் அந்த அளவை ஒட்டியேதான் இருக்கும். இந்த ஒரு சலுகையை நம்பித்தான் நம் ஊரைச் சேராத ஒரு மீன், நூறு வருடங்களுக்கு மேலாக அங்கே குடித்தனம் நடத்துகிறது.

பெயர் ரெயின்போ ட்ரவுட். விலாவில் இளஞ்சிவப்புப் பட்டை, உடம்பெல்லாம் கரும்புள்ளி. வட அமெரிக்காவின் பசிபிக் கரையோர ஆறுகள் இதன் தாய்வீடுகளில் ஒன்று. 10 முதல் 18 டிகிரி வரையிலான தண்ணீர் என்றால் கொண்டாட்டம். 20-ஐத் தாண்டினால் இரை எடுப்பது குறையும். 25-ஐ நெருங்கினால் உயிருக்கே ஆபத்து. அம்பத்தூர் ஏரியில் விட்டால் அரை நாள் தாங்குவதே கஷ்டம்.

காரணம், சூடு மட்டுமில்லை. தண்ணீர் சூடாக ஆக அதில் கரைந்திருக்கும் ஆக்சிஜன் குறையும். கடல் மட்டத்தில் 15 டிகிரி தண்ணீர் ஒரு லிட்டருக்குச் சுமார் 10 மில்லிகிராம் ஆக்சிஜனைப் பிடித்து வைக்கும். 30 டிகிரியில் அது 7.5-தான். மலை உயரத்தில் காற்றழுத்தம் குறைவு என்பதால் அங்கே இதிலும் கொஞ்சம் கழியும். சூடு ஏறினால் மீனுக்கு மூச்சுத் தேவை கூடும், கிடைப்பதோ குறையும். வரவு குறையும்போது செலவு கூடினால் எந்தக் குடும்பம் தாங்கும்?

இந்த மீனை நீலகிரிக்குக் கொண்டுவர வெள்ளைக்காரர்கள் பட்ட பாடு சாதாரணமானதல்ல. சென்னை மாகாணத்தில் ராணுவ மருத்துவராக இருந்து, பிறகு இந்திய மீன்களைப் பற்றி மாபெரும் நூல் எழுதிய ஃபிரான்சிஸ் டே, 1860-களிலேயே இங்கிலாந்திலிருந்து ட்ரவுட் முட்டைகளை வரவழைக்க முயன்றார். தோல்விதான். சூயஸ் கால்வாய் 1869-இல்தான் திறந்தது. அதற்கு முந்தைய பயணத்தை நினைத்துப் பார்த்தால் ஆச்சரியப்பட ஒன்றுமில்லை. ட்ரவுட் முட்டை 10 டிகிரி குளிரில் பொரிக்க ஒரு மாதம் ஆகும். வழியில் சூடு ஏறினால் முட்டை கெட்டுவிடும். வெப்பமண்டலக் கடலைக் கடந்து, சமவெளியைத் தாண்டி, மலையேற்றுவது வரை அந்தக் குளிர்ச்சியைக் காப்பாற்ற வேண்டும்.

வெற்றி கிடைத்தது அடுத்த நூற்றாண்டில். சென்னை மாகாண அரசின் மீன்வளர்ப்பு நிபுணராக இருந்த ஹெச்.சி. வில்சன், 1907 வாக்கில் ஊட்டியிலிருந்து சுமார் 28 கிலோமீட்டரில் உள்ள அவலாஞ்சியில் மீன்குஞ்சுப் பொரிப்பகம் தொடங்கினார். இலங்கை, ஜெர்மனி, நியூசிலாந்து என்று பல இடங்களிலிருந்து ரெயின்போ ட்ரவுட் வந்தது. இந்த வகை மற்ற ட்ரவுட்டைவிடச் சூட்டைக் கொஞ்சம் கூடுதலாகத் தாங்கும். அதனால் பிழைத்தது.

பிடித்தவர்கள் எல்லாம் துரைமார்கள். பிடித்த முறை 'ஃப்ளை ஃபிஷிங்'. நம் ஊர் தூண்டிலில் மண்புழு கோர்ப்போம். இதில் புழு கிடையாது. கொக்கியின் மேல் நூலும் இறகும் சுற்றி ஒரு பூச்சியைப் போலச் செய்து, தண்ணீரில் பூச்சி வந்து உட்கார்ந்த மாதிரியே விழச் செய்ய வேண்டும். இங்கிலாந்தில் இதற்குப் பெயர்போன இறகுகளில் ஒன்று, நம் மேற்குத் தொடர்ச்சி மலையின் சாம்பல் காட்டுக்கோழியுடைய கழுத்து இறகு! இன்று அது பாதுகாக்கப்பட்ட பறவை. இறகைத் தொடவே கூடாது.

சரி, இவ்வளவு பெரிய மலையில் எந்த ஓடையில், எந்த வளைவில் மீன் இருக்கும்? தூண்டில்காரர்கள் முதலில் தேடுவது மீனை இல்லை, ஊற்றை.

மழைக்காலத்தில் தேடிப் பயனில்லை. எல்லா ஓடையும் அப்போது நிறைந்து ஓடும். பிப்ரவரி முதல் ஏப்ரல் வரை போய்ப் பார்க்க வேண்டும். மழை நின்று மாதங்கள் கழித்தும் ஓடுகிறதே, அதுதான் ஊற்றுத் தண்ணீர். கையில் ஒரு சாதாரண தெர்மாமீட்டர் போதும். மதிய வெயிலில் ஓடையை எதிர்த்து நடந்து, வளைவுக்கு வளைவு முக்கிப் பார்க்க வேண்டும். ஓரிடத்தில் சட்டென்று ஒன்றிரண்டு டிகிரி இறங்கினால் பக்கத்தில் எங்கோ ஊற்று கலக்கிறது. கடுங்குளிர் காலையில் இது தலைகீழ். சுற்றிலும் புல் வெள்ளையாக உறைந்திருக்க, ஒரு பகுதியில் மட்டும் தண்ணீரிலிருந்து ஆவி எழும். நம் மார்கழி வாளிதான் அங்கே ஓடையாகக் கிடக்கிறது.

மழை பெய்த மறுநாள் மற்ற இடமெல்லாம் கலங்கியிருக்க, ஊற்று சேரும் இடம் சீக்கிரம் தெளியும். குனிந்து பார்த்தால் அடியில் மணல் துளித்துளியாகக் குதிக்கும். காய்ந்த ஆற்று மணலில் கையால் ஊற்று தோண்டி விளையாடியவர்களுக்கு அந்தக் காட்சி தெரிந்திருக்கும். தாய் மீன் வாலால் கூழாங்கற்களை விலக்கிக் குழி பறித்து முட்டையிடும். கற்களுக்கு நடுவே தண்ணீர் ஓயாமல் ஊடுருவினால்தான் முட்டைகளுக்கு மூச்சு. பூச்சிகளும் அங்கே எப்போதும் இருக்கும்.

கடைசி அடையாளம் ஓடையில் இல்லை, மலையில் இருக்கிறது. புல்வெளி மலைகளின் மடிப்புகளில் அடர்த்தியாக, குட்டையாக ஒதுங்கி நிற்கும் காடு. அதுதான் சோலை. அதன் கீழே இருக்கும் மட்கு மண்ணும், பள்ளத்தாக்குச் சதுப்பும், மேலே உள்ள புல்வெளியும் மழையை உறிஞ்சி வைத்துக்கொண்டு மாதக்கணக்கில் கசியவிடுகின்றன. 2019 ஆகஸ்டில் அவலாஞ்சியில் ஒரே நாளில் 800 மில்லிமீட்டருக்கு மேல் மழை கொட்டியது நினைவிருக்கலாம். சென்னையின் ஒரு வருட மழையில் பாதிக்கும் மேல் அது! அப்படிப்பட்ட மழையை எந்த மண்ணும் முழுதாகப் பிடித்து வைக்க முடியாது, அப்போது நிலச்சரிவுதான். சோலையும் புல்லும் சேமிப்பது சாதாரண வருடத்தின் மழையை.

அந்தச் சேமிப்பில்தான் கை வைத்துவிட்டோம். விறகுக்கும் தொழிற்சாலைக்கும் என்று சீகை மரத்தையும், சமவெளியில் தைல மரம் என்றும் மலையில் கற்பூர மரம் என்றும் சொல்லப்படும் யூக்கலிப்டஸையும் புல்வெளிகளில் நட்டார்கள். அதன் விலை என்ன என்று கிளென்மார்கனில் அளந்தே பார்த்திருக்கிறார்கள். மத்திய மண், நீர்வளப் பாதுகாப்பு ஆராய்ச்சி நிறுவனத்தின் ஊட்டி மையம், பக்கத்துப் பக்கத்தில் இருந்த இரண்டு சிறு நீர்ப்பிடிப்புகளை எடுத்துக்கொண்டது. ஒன்றைப் புல்வெளியாகவே விட்டது. மற்றொன்றில் பாதிக்கு மேல் 1972-இல் யூக்கலிப்டஸ் நட்டது. முதல் 10 வருடத்தில் மரம் நட்ட பக்கம் நீரோட்டம் 16 சதவீதம் குறைந்தது. வெட்டி, மறுபடி துளிர்த்த அடுத்த சுற்றில் இழப்பு சுமார் 25 சதவீதம். அதிலும் பெரிய அடி விழுந்தது கோடைகால ஓட்டத்துக்கு. அதாவது ஊற்றுக்கு.

ட்ரவுட் போனால் போகட்டும், அந்நிய மீன்தானே என்று சிலர் கேட்கலாம். நியாயமான கேள்வி. ஓடையில் இருந்த உள்ளூர்ச் சிறு மீன், தலைப்பிரட்டை எல்லாவற்றையும் விழுங்கும் மீன்தான் அது. முக்கூர்த்தி தேசியப் பூங்காவுக்குள் இப்போது தூண்டில் போட அனுமதி கிடையாது. மற்ற இடங்களிலும் மீன்வளத்துறை, வனத்துறையிடம் கேட்காமல் ஓடைப் பக்கம் போகக் கூடாது. அது சரியும்கூட. ஆனால், ட்ரவுட் ஒதுங்கும் அந்தக் குளிர்ந்த வளைவு இல்லாமல் போனால், கூடவே போவது கோடைத் தண்ணீர்.

அந்தத் தண்ணீர் எங்கே போகிறது? அவலாஞ்சி நீர் குந்தா ஆற்று வழியே பவானிக்கு. பவானி, கூடுதுறையில் காவிரியோடு கலக்கிறது. காவிரி, கொள்ளிடம் கீழணையிலிருந்து வடவாறு வழியாக வீராணம் ஏரிக்கு. வீராணத்திலிருந்து 200 கிலோமீட்டருக்கும் மேல் குழாயில் பயணம் செய்து 2004 முதல் சென்னைக்கு வரும் தண்ணீர் வந்து சேருகிற இடம், பூந்தமல்லிக்குப் பக்கத்தில் இருக்கும் போரூர். வழியில் எத்தனையோ ஆறுகள் கலக்கின்றன. ஊற்றின் பங்கு அதில் ஒரு துளிதான் என்றாலும் மழையில்லாத மாதங்களில் வந்து சேரும் துளி அது.

நம் புறநகர் ஏரிக்கரைகளில் தூண்டிலோடு உட்காருகிறவர்களுக்கும் இந்தப் பாடம் புதிதல்ல. கோடை விடியலில் ஜிலேபிக் கெண்டைகள் மேலே வந்து வாயைப் பிளந்தால், தண்ணீரில் மூச்சுக்காற்று தீர்ந்துவிட்டது என்று அர்த்தம். இரவெல்லாம் பாசியும் கழிவும் ஆக்சிஜனைத் தின்று தீர்த்த பிறகு, சூரியன் வருவதற்குச் சற்று முன்தான் அளவு மிகக் குறையும். அந்த நேரத்தில் கரையை ஒரு சுற்றுச் சுற்றி, மீன்கள் எந்த மூலையில் கூட்டமாக ஒதுங்கியிருக்கின்றன என்று பார்த்து வையுங்கள். புதுத் தண்ணீர் வரும் மூலை அதுவாக இருக்கலாம்.