ஐந்து பாடம்தானே!

எஸ்.பி.எம். தேர்வில் என் மகள் எழுதியது பத்துப் பாடங்கள். பல்கலைக்கழகத்தில் முதல் பருவத்துக்கு ஐந்தே பாடங்கள், 15 கிரெடிட். "பாதிதானேம்மா, சமாளிச்சிடலாம்!" என்றேன். ஆறாவது வாரம் தொலைபேசியில் அழுதாள். கணக்கியல் இடைப்பருவத் தேர்வில் தோல்வி.

பிறகுதான் கணக்குப் பார்த்தேன். மலேசியத் தகுதிக் கட்டமைப்பின்படி ஒரு கிரெடிட் என்பது 40 மணி நேரப் படிப்பு. 15 கிரெடிட்டுக்கு ஒரு பருவத்தில் 600 மணி நேரம்! விரிவுரை அதில் ஒரு பகுதிதான். மீதியைத் தானே உட்கார்ந்து படிக்க வேண்டும். பள்ளியில் விரட்ட ஆசிரியர் இருந்தார், இங்கே யாருமில்லை.

பெற்றோரே, "எத்தனை பாடம்?" என்று கேட்காதீர்கள். "தனியாகப் படிக்க நேரம் ஒதுக்கினாயா?" என்று முதல் வாரமே கேளுங்கள். நான் கேட்டது ஏழாவது வாரத்தில்தான்.