கடன்கொண்ட கண்டம்

பிறமொழிச் சொல் ஒன்று நம் எழுத்திற் புகுந்தால் வேர்கண்டு களையும் நாம், பிறர் ஆக்கிப் பிறரே கைவிட்ட கருதுகோள் ஒன்றை நூறாண்டுக்கு மேலாக மேடைதோறும் ஏந்தி நிற்கின்றோம். இலெமூரியாவையே குறிக்கின்றோம். தமிழன்பர் பலர்க்கு இவ்வுரை கசக்கும். கசப்பினும் கூறியாதல் வேண்டும். நிலவியல் பயிலும் நம் பிள்ளைகள் இதுபற்றி நம்மிடமே வினவத் தொடங்கிவிட்டனர்.

அப்பெயரின் பிறப்பை முதற்கண் காண்போம். 1864-இல் பிலிப்பு இசுக்கிளேட்டர் என்னும் ஆங்கில விலங்கியலார், மடகாசுகர்த் தீவின் பாலூட்டிகளைப் பற்றி ஒரு கட்டுரை வரைந்தார். இலெமூர் என்னும் மரவாழ் விலங்கினம் அத்தீவில் மிக்கிருப்பதும், அதன் உறவினம் கடலுக்கு அப்பால் இந்தியாவிலும் இருப்பதும் அவர்க்கு வியப்பளித்தன. நம் காட்டுத் தேவாங்கு அவ்வுறவினத்தது. இடையே ஒரு பெருநிலம் இருந்து மூழ்கியிருத்தல் வேண்டும் எனக் கருதிய அவர், அவ்விலங்கின் பெயரையே அதற்கு இட்டார். இலெமூர் என்பதோ இலத்தீனத்திற் பேயைக் குறிக்குஞ் சொல்லின் வழிவந்தது. முன்னோர் நிலம் என நாம் போற்றும் பெயர் பேய்நாடு என்று பொருள்படுகின்றது! சொல்லாய்வில் வல்லவர் எனப்படும் நாம் இதனை நோக்காது விட்டோம்.

இசுக்கிளேட்டர் கருதியது அக்காலத்திற் பிழையன்று. கண்டங்கள் நின்ற இடத்திலேயே நிற்பன என்பதே அன்றைய அறிவு. நிலமும் நகராது, விலங்கும் கடல் கடவாது எனின், நடுவே நிலம் இருந்தாக வேண்டும். கண்டதைக் கொண்டு காணாததை உன்னுதலே கருதுகோள். ஆயின் அறிவியல் அங்கே நின்றுவிடுவதன்று. 'இஃது உண்மையாயின் வேறு எது இருத்தல் வேண்டும்?' என வினவி, அதனைத் தேடிச் செல்வதே அதன் உயிர். இந்தியப் பெருங்கடலுள் ஒரு கண்டம் மூழ்கியிருப்பின், கடலடியிற் கண்டப் பாறை பரந்து கிடத்தல் வேண்டும் அன்றோ?

தேடினர். கண்டங்கள் நகர்கின்றன எனச் செருமானிய வானிலையறிஞர் ஆல்பிரட்டு வேகனர் 1912-இல் உரைத்தபோது ஏற்றவர் சிலரே. நகர்த்தும் விசை யாது என்பதற்கு அவரிடம் தக்க விடையில்லை. 1960-களிற்றான் சான்று திரண்டது. அதன் ஒரு பகுதி நம்மருகிலேயே கிடைத்தது. அரபிக் கடலடியிற் செல்லும் கார்ல்சுபெர்க்கு மலைத்தொடரின்மேற் கலஞ்செலுத்திக் காந்தப்புலத்தை அளந்தனர். அவ்வளவுகளை ஆய்ந்த வைன், மாத்தியூசு எனும் இருவர், முகட்டின் இருபுறமும் பாறை எதிரெதிர்த் திசைகளிற் காந்தமேறிக் கோடிட்ட பாய்போல் வரிவரியாகக் கிடப்பதாக 1963-இல் விளக்கினர். புவியின் காந்தமுனைகள் ஊழிதோறும் இடம் மாறுவன. உருகியெழும் பாறை குளிரும்போது அவ்வக்காலத்துத் திசையைத் தன்னுட் பதித்துக்கொள்ளும். ஆகலின் கடற்றரை முகட்டிற் பிறந்து இருமருங்கும் விலகிச் செல்கின்றது என்பது தெளிவாயிற்று. 1972-இல் குளோமர் சேலஞ்சர் எனுங் கலம் இந்தியப் பெருங்கடலடியைத் துளையிட்டபோது, ஆழ்படுகைகளின் அடித்தளம் எரிமலைக் கரும்பாறையாகவே இருந்தது. கண்டப் பாறை நீரினும் ஏறத்தாழ 2.7 மடங்கு கனத்தது. கடலடிப் பாறையோ 3 மடங்கு. மெலிதாயது கனத்ததன்மேல் மிதக்கும். 35 கிலோமீட்டர் தடித்த கண்டம் அதனுள் அமிழ்ந்துபோக வழியேது?

'மொரீசியசில் கண்டப் பாறைத் துகள் கிடைத்ததே' என்பார் உளர். உண்மைதான். 300 கோடி ஆண்டுப் பழமையுடைய படிகங்கள் அங்கு உண்டென 2017-இல் ஆய்வாளர் அறிவித்தனர். ஆயின் அது மடகாசுகரும் இந்தியாவும் பிரிந்தபோது சிதறிய ஒரு துண்டம். சிதறியது 6 கோடி ஆண்டுகட்கு முன்னரே. மாந்தன் தோன்றி ஏறத்தாழ 3 இலக்கம் ஆண்டுகளே ஆயின. அந்நிலத்தில் தமிழ் பேச நா ஏது?

அங்ஙனமாயின் நம் நூல்கள் கூறும் கடல்கோள் பொய்யோ எனின், அது வேறு, இது வேறு. இரண்டையும் ஒன்றாகக் கட்டியதே நாம் செய்த தவறு. கலித்தொகையும் சிலப்பதிகாரமும் மடகாசுகர் வரை நீண்ட கண்டம் எதனையும் சொல்லவில்லை. பஃறுளியாறும் குமரிக்கோடும் கடல்கொண்டன என்கின்றது சிலம்பு. அடியார்க்கு நல்லார் உரையும் 49 நாடுகளையே எண்ணுகின்றது.

மூழ்கிய கண்டத்தை மறுக்கும் அதே நிலவியல், மூழ்கிய கரையை மறுக்கவில்லை என்பதை அன்பர்கள் ஊன்றி நோக்குக. 20,000 ஆண்டுகட்கு முன்பு, பெரும்பனிக் காலத்தில், கடல்மட்டம் இன்றைக்கு ஏறத்தாழ 120 மீட்டர் தாழ்ந்திருந்தது. தமிழகமும் ஈழமும் அன்று ஒட்டிய நிலம். குமரிமுனைக்குத் தெற்கேயும் கரை நெடுந்தொலைவு விலகியிருந்தது. மீனவர் வலைவீசும் ஆழங்குறைந்த கடலடித் திட்டின் ஒரு பகுதி அன்று வெயில் கண்ட நிலம். பனி உருகக் கடல் ஏறிற்று. அக்கரையில் மாந்தர் வாழ்ந்தனரா, ஏறிய கடலின் நினைவே நம் நூல்களிற் படிந்ததா என்பன இன்னும் மெய்ப்பிக்கப்படாதவை. ஆயின் மெய்ப்பிக்கத் தக்கவை, பொய்யாக்கவும் தக்கவை. இலெமூரியாவுக்கு வாதாடிய நேரத்திற் பாதியை இதற்குச் செலவிட்டிருப்போமாயின்!

கீழடியில் 2015 முதல் மண்வெட்டியும் கரிமக் காலக்கணிப்பும் செய்த பணியைக் குமரிக் கடலில் ஒலியலைக் கருவியும் துளைபொறியும் செய்தல் வேண்டும். 120 மீட்டருக்குட்பட்ட கடலடி முழுவதையும் அளந்து, மண்கற்றை எடுத்து, புதையுண்ட ஆற்றுப்படுகை உண்டா எனத் தேடுமாறு தமிழக அரசையும் பல்கலைக்கழகங்களையும் கேட்கின்றோம். ஆற்றுத்தடம் கிடைப்பின் அதன் ஆண்டையும் ஆழத்தையும் இவ்விதழில் வெளியிடுவோம். கிடையாதொழியின் அதனையும் இதே பக்கத்தில் வெளியிடுவோம்.