மூச்சுவிட இடம் கொடுங்கள்



சித்தூருக்கு அருகேயுள்ள கிராமத்திலிருந்து பிழைப்புக்காகத் திருப்பதியில் குடியேறிய விசுவாசக் குடும்பம் ஒன்றை அறிவேன். மேல்மாடியில் வாடகை வீடு. வயதான தாயார் ஊரிலேயே இருக்கிறார். 2022 ஏப்ரலில் திருப்பதி தனி மாவட்டமாகப் பிரிந்தது, குடும்பங்கள் பிரியவில்லை. இரவு எட்டு மணிக்குத் தாயாரும் மகன் வீட்டாரும் கைப்பேசியில் முகம் பார்த்து ஒன்றாய் ஜெபிப்பது அவர்கள் வழக்கம்.

கோடைக்காலத்தில் அந்த ஜெபம் நாள்தோறும் பாதியில் அறுந்தது. காலையில் நன்றாயிருக்கும் இணையம் பிற்பகலிலும் முன்னிரவிலும் நின்றுபோகும். ஜெபத்தில் உட்கார மனமில்லாமல் பதினைந்து வயது மகன்தான் இணைப்பை அணைக்கிறான் என்று தகப்பனார் எண்ணினார். இருவருக்குள்ளும் பேச்சு நின்றது. வீடு சந்திக்கச் சென்ற நானும் பையனுக்குப் புத்தி சொல்லி, சத்துருவின் தடைகள் நீங்கும்படி ஜெபித்துத் திரும்பினேன். "ஐயா, நான் அதைத் தொடவேயில்லை" என்று அவன் சொன்னதற்கு நான் செவிகொடுக்கவில்லை.

மறுமுறை சென்றபோது, இத்தொழில் தெரிந்த சபை வாலிபர் ஒருவரை உடன் அழைத்துச் சென்றேன். அவர் தொலைக்காட்சி அலமாரிக்குள் பூவேலைத் துணி போர்த்தி வைத்திருந்த ரவுட்டர் பெட்டியின்மேல் கையை வைத்தார், உடனே எடுத்துக்கொண்டார். அவ்வளவு சூடு! துணியை நீக்கி, பெட்டியை வெளியே வைத்து, மேசை மின்விசிறியை அதன் பக்கம் திருப்பினார். அன்றிரவு ஜெபம் ஆமென் சொல்லும்வரை தடையின்றி நடந்தது.

காரணம் எளியது. வீடுகளில் வைக்கும் ரவுட்டர்களில் பல, சுற்றியுள்ள காற்று 40 டிகிரி செல்சியஸ் வரை இருக்கும் இடத்தில் இயங்கவே செய்யப்பட்டவை. திருப்பதியின் சித்திரை, வைகாசி வெயில் அந்த அளவைத் தாண்டுவதுண்டு. மூடிய அலமாரிக்குள் வெப்பம் இன்னும் ஏறும். கான்கிரீட் கூரை பகலில் ஏற்ற சூட்டை இரவில் வெளியிடுவதால் எட்டு மணிக்கும் மேல்மாடி வீடு ஆறுவதில்லை. பெரிய நிறுவனங்களுக்கும் இது நேரிட்டது. 2022 ஜூலை 19 அன்று இங்கிலாந்தில் வெப்பம் முதன்முறையாக 40 டிகிரியைத் தாண்டியபோது, லண்டனிலிருந்த கூகுள், ஆரக்கிள் கணினி மையங்களில் குளிரூட்டும் ஏற்பாடு தவறி, சேவைகள் தடைப்பட்டன.

உங்கள் வீட்டிலும் இப்படி நேர்ந்தால் செய்ய வேண்டியவற்றைச் சொல்லுகிறேன்.

முதலாவது, இணைப்பு நிற்கும் நேரத்தை மூன்று நாள் எழுதி வையுங்கள். வெப்பமான வேளையில் மட்டும் நின்று, அரைமணி நேரம் அணைத்து ஆறவிட்டபின் திரும்ப வருமானால் சூட்டையே சந்தேகியுங்கள். குளிர்ந்த அதிகாலையிலும் நிற்குமானால் காரணம் வேறு.

இரண்டாவது, விளக்குகளைக் கவனியுங்கள். ஃபைபர் பெட்டியில் எல்.ஓ.எஸ். என்ற விளக்கு சிவப்பாக எரிந்தால் பெரும்பாலும் வெளியிலிருந்து வரும் இழையில் பழுது. இணைப்புக் கொடுத்தவர்களையே அழைக்க வேண்டும். எல்லா விளக்குகளும் அணைந்துபோனால் அடாப்டரையும் பிளக்கையும் பாருங்கள். விளக்குகள் சரியாயிருந்து கைப்பேசிக்கு மட்டும் வராவிட்டால், கணினியைக் கம்பியால் இணைத்துப் பாருங்கள். அதில் வந்தால் வைஃபை பகுதியில்தான் குறை.

மூன்றாவது, அந்த வாலிபர் செய்ததுபோல் விசிறியால் சோதியுங்கள். காற்றுப் பட்டதும் தொல்லை நிற்குமானால் காரணம் விளங்கிற்று. ஈரத்துணியோ பனிக்கட்டியோ ஒருபோதும் வைக்காதீர்கள்; நீர் உள்ளே இறங்கினால் ஆபத்து.

நான்காவது, இடத்தை மாற்றுங்கள். இன்வெர்ட்டர், குளிர்பதனப்பெட்டி, செட்டாப் பாக்ஸ் ஆகியவற்றின்மேலும், மேற்கு வெயில் விழும் ஜன்னலோரத்திலும் வேண்டாம். நாற்புறமும் ஒரு சாண் இடைவெளி விடுங்கள். காற்றுத் துளைகளிலுள்ள தூசியை, மின்சாரத்தைத் துண்டித்தபின் உலர்ந்த தூரிகையால் நீக்குங்கள். ஃபைபர் இழையைக் கூர்மையாக மடக்காதீர்கள். கழற்றி அதன் முனையைக் கண்ணருகே வைத்துப் பார்க்காதீர்கள்.

ஐந்தாவது, நாட்பட்ட சூடு அடாப்டரையும் உள்ளிருக்கும் பாகங்களையும் தளரச் செய்யும். அடாப்டர் மாற்றும்போது வோல்ட் அளவும் முனையும் பழையதைப் போலவே இருக்க வேண்டும், ஆம்பியர் குறையக்கூடாது. கருகிய வாடை வந்தால் உடனே நிறுத்திவிடுங்கள்.

பிரியமானவர்களே, முழுதும் கேளாமல் மறுமொழி உரைப்பது அறிவீனம் என்று நீதிமொழிகள் 18-ஆம் அதிகாரம் போதிக்கிறது. வேதம் அறிந்த நான் அதில் தவறினேன். துணியை நீக்கியிருந்தால் தீர்ந்திருக்கும் குறைக்குச் சத்துருவைக் குற்றஞ்சாட்டினேன். குற்றமற்ற பிள்ளையைக் கடிந்துகொண்டேன். அன்றிரவே அவனிடம் மன்னிப்புக் கேட்டேன். தகப்பனாரும் கண்ணீரோடு அவனை அணைத்துக்கொண்டார். பிள்ளைகளிடம் மன்னிப்புக் கேட்பதால் பெரியவர்களின் கனம் குறைவதில்லை.

நகரத்தில் பாடுபடும் நம் வீட்டாரும் சில வேளை இப்படியே நின்றுபோகிறார்கள். தனியே நியாயம் விசாரித்த மோசே இளைத்துப்போவான் என்று கண்ட எத்திரோ, பாரத்தைப் பகிரும் வழியைக் காட்டினார் (யாத்திராகமம் 18). சூரைச்செடியின்கீழ் சோர்ந்து கிடந்த எலியாவைக் கர்த்தர் கடிந்துகொள்ளவில்லை. நித்திரையும் அப்பமும் தண்ணீரும் அருளினார் (1 இராஜாக்கள் 19). வேலை முடிந்து திரும்பும் கணவனும், அடுப்படியில் வேகும் மனைவியும், தேர்வுக்குப் படிக்கும் பிள்ளையும் வார்த்தை தடித்துப் பேசும்போது, குற்றம் சொல்லுமுன் அவர்கள்மேல் என்ன பாரம் இருக்கிறது என்று கேட்போமாக. கைவைத்துப் பார்த்தால்தான் சூடு தெரியும்.

இளைப்பாறுதல் தரும் கர்த்தர் உங்கள் இல்லங்களைத் தமது சமாதானத்தினால் நிரப்புவாராக. ஆமென்.