கடல் கடந்த பாசறையில்

1914 செப்டம்பர் இறுதியில் பிரான்சின் மார்சேய் துறைமுகத்தில் இந்தியப் படைகள் வந்திறங்கின. பஞ்சாபிலிருந்தும் எல்லைப்புறத்திலிருந்தும் சென்ற முஸ்லிம் வீரர்கள் அவர்களுள் ஏராளம். அவர்கள் போரிட்ட கதையை வரலாற்று நூல்கள் விரிவாகவே பேசுகின்றன. அங்கே எதை உண்டார்கள், எங்கே தொழுதார்கள் என்பதல்லவா இல்லத்தார் அறிய விரும்பும் செய்தி!

கோதுமை மாவும் பருப்பும் நெய்யும் அங்கேயும் வழங்கப்பட்டன. ஆடுகள் உயிருடன் கொண்டுவரப்பட்டு, முஸ்லிம்களுக்கென ஹலால் முறையில் தனியே அறுக்கப்பட்டன. காயமுற்றோர் பலர் இங்கிலாந்தின் பிரைட்டன் நகருக்கு அனுப்பப்பட்டனர். அங்கிருந்த அரண்மனை 1914 டிசம்பர் முதல் 1916 ஜனவரி வரை அவர்களுக்கு மருத்துவமனையாயிற்று. அதன் வளாகத்தில் 9 சமையற்கூடங்கள். முஸ்லிம்களுக்கும் இந்துக்களுக்கும் தனித்தனித் தண்ணீர்க் குழாய்கள். கிழக்குப் புல்வெளியில் கிப்லாவை நோக்கித் தொழ இடம் ஒதுக்கப்பட்டது.

1915இல் ரமலான் ஜூலை நடுவில் பிறந்தது. வட ஐரோப்பியக் கோடையில் நோன்பின் நேரம் 16 மணிக்கும் மேல் நீளும். பயணிக்கும் நோயாளிக்கும் பின்னர் நோற்கும் சலுகையை மார்க்கம் அளித்திருக்கிறது. அகழியில் கிடந்தவர் நோற்றாரா, விட்டாரா என்று தீர்ப்புக் கூற, விசிறிக்கு அடியில் நோன்பு திறக்கும் நமக்கு என்ன தகுதி?

இவ்வளவு அக்கறையும் வெறும் பரிவன்று. துருக்கி எதிரணியில் சேர்ந்துவிட்டிருந்தது. முஸ்லிம் வீரர்களின் மனம் மாறிவிடுமோ என்ற அச்சம் ஆங்கிலேயருக்கு இருந்தது. ஜனாஸாக்கள் முறைப்படி அடக்கப்படவில்லை என்று ஜெர்மானியர் பிரசாரம் செய்தனர். அதற்கு மறுமொழியாகவே, 1889இல் கட்டப்பட்ட வோக்கிங் பள்ளிவாசலுக்கு அருகில் தனி மையவாடி ஒன்று அமைந்தது. நோக்கம் எதுவாயினும், அந்நிய மண்ணில் மரித்தவர்களுக்குக் கஃபனும் ஜனாஸாத் தொழுகையும் கிடைத்தன.

வீட்டுக்குக் கடிதம் எழுதுவதுதான் மிகக் கடினமான வேலை. எழுதத் தெரியாதவர் தோழரிடம் சொல்லி எழுதுவித்தனர்; அந்தரங்கம் என்பது அப்போதே போயிற்று. பின்னர்த் தணிக்கையாளர் படித்தார். ஊரிலும் எவரேனும் படித்துக் காட்டினால்தான் மனைவிக்கு விளங்கும். வளைகுடாக் கடிதங்களுக்காகக் காத்திருந்த நம் தாய்மார்களுக்கு இது புதிதன்று. உண்மை நிலையை உணர்த்த, சமையலறைச் சொற்களே உதவின. இந்திய வீரர்களைக் கருமிளகு என்றும், ஆங்கிலேயரைச் சிவப்பு மிளகாய் என்றும் குறித்தனர். கருமிளகு தீர்ந்துவருகிறது என்று ஒருவர் எழுதினார். அந்தக் குறிப்பு தணிக்கையாளருக்கும் விளங்கிவிட்டது.