இரண்டு லட்சமும் பதினொன்றும்

கம்போங் மேடானிலிருந்து ஒரு பாட்டியம்மா எழுதியிருக்கிறார். தோட்டத்தில் பிறந்தவர். எழுபதுகளில் சுங்கைவேயில் மின்னணுத் தொழிற்சாலைகள் எழுந்தபோது அங்கே வேலைக்குச் சேர்ந்தவர். நுண்ணோக்கியில் கண் வைத்து, தலைமுடியிலும் மெல்லிய தங்கக் கம்பியைச் சில்லில் ஒட்டுவதுதான் வேலை.

"அது என்ன செய்யும் என்று யாரும் எனக்குச் சொன்னதில்லை. இப்போது பேரன் தொழிற்கல்லூரியில் அதைத்தான் படிக்கிறான். ஆப்-ஆம்ப் பாடம் மண்டையில் ஏறவில்லை, படிப்பை விட்டுவிட்டு மோட்டார் சைக்கிளில் பார்சல் கொண்டுபோகப் போகிறேன் என்கிறான். நீங்கள்தான் புத்தி சொல்ல வேண்டும்" என்கிறார்.

அடியில் பேரனும் ஒரு வரி சேர்த்திருக்கிறான்: "741 இரண்டு லட்சம் மடங்கு பெருக்கும் என்கிறார்கள். கணக்குப் போட்டால் 11 மடங்குதான் வருகிறது. எது உண்மை?"

தம்பி, இரண்டும் உண்மை. மக்குப் பிள்ளைக்கு இந்தக் கேள்வி எழாது.

உன் பாட்டியிடம் காண்டாக் கம்பைப் பற்றிக் கேள். இருபுறமும் பால் வாளி தொங்கும். ஒரு பக்கம் தாழ்ந்தால் தோள் உடனே நகர்ந்து சமமாக்கும். ஆப்-ஆம்ப் செய்வதும் அதுதான். 2-ஆம் காலுக்கும் 3-ஆம் காலுக்கும் துளி வித்தியாசம் வந்தாலும் 6-ஆம் கால் நகரும். அதில் ஒரு பங்கு ரெசிஸ்டர் வழியாக 2-க்குத் திரும்பும். இரண்டும் சமமானதும் நகர்வது நிற்கும். அந்த இரண்டு லட்சம், சமமாக்கும் பலம். எத்தனை மடங்கு என்பதை முடிவு செய்வது நீ போடும் ரெசிஸ்டர்கள்.

செய்து பார். இரண்டு 9 வோல்ட் பேட்டரிகளைத் தொடராக இணை, நடுமுனைதான் பூஜ்யம். 7-ஆம் காலுக்குப் பிளஸ், 4-ஆம் காலுக்கு மைனஸ். 2-லிருந்து பூஜ்யத்துக்கு 1 கிலோ ஓம். 6-லிருந்து 2-க்கு 10 கிலோ ஓம். 3-ஆம் காலில் அரை வோல்ட் கொடு. 2-உம் அரை வோல்ட் ஆகும். 1 கிலோ ஓமில் ஓடுவது அரை மில்லி ஆம்பியர். கால்கள் மின்சாரத்தை ஏறக்குறைய எடுப்பதே இல்லை. ஆகவே அதே அளவு 10 கிலோ ஓமிலும் ஓடி அங்கே 5 வோல்ட் விழும். மொத்தம் 5.5. பதினொரு மடங்கு வந்துவிட்டதா?

இனி 1 வோல்ட் கொடு. கணக்கு 11 என்னும். மீட்டரோ 8-க்குப் பக்கத்திலேயே நின்றுவிடும். பேட்டரியில் இல்லாததை 741 எங்கிருந்து கொடுக்கும்?

டேவ் ஃபுல்லகர் 1968-ல் வடிவமைத்த 741 இன்றும் விற்கிறது. ஆகவே பழைய புத்தகம் என்று ஒதுக்காதே. வால்டர் ஜங் 1974-ல் எழுதிய 'ஐசி ஆப்-ஆம்ப் குக்புக்' கிடைத்தால் விடாதே. குக்புக் என்றால் சமையல் புத்தகம். சமையலைப் போலவே, வாசித்தால் மட்டும் போதாது. ஒவ்வொன்றாகச் செய்து, அளந்து, நோட்டில் எழுது.

பாட்டியம்மா, அவன் அளக்கும்போது நீங்களும் பக்கத்தில் உட்காருங்கள். என்ன நடக்கிறது என்று உங்களுக்கு அவன் தமிழில் சொல்லட்டும். உங்களுக்குப் புரிந்தால் பாடம் அவனுக்கும் புரிந்துவிட்டது என்று வைத்துக்கொள்ளலாம்.

தம்பி, மீட்டர் காட்டிய எண்களை எனக்கு எழுது. அதுவரை மோட்டார் சைக்கிள் காத்திருக்கட்டும்.