டார்ச் பிடிக்க மட்டும்தானா நாங்கள்?

என் மனதில் பட்டதை எழுதுகிறேன். தவறு இருந்தால் மன்னிக்கவும்.

எங்கள் வீட்டில் இருப்பது அரசு கொடுத்த 14 அங்குல கலர் டி.வி. கலைஞர் முதலமைச்சராக இருந்தபோது 2006 செப்டம்பரில் தொடங்கிய இலவசத் திட்டத்தில் வந்தது. நான் பிறப்பதற்கு முன்பே வந்துவிட்டது. படம் இன்னும் நல்லாத் தெரியும். சத்தம்தான் போதாது. எங்க அப்பாயிக்குக் காது மந்தம். "ஸ்ரீரங்கத்துல சொர்க்கவாசல் தொறக்குறத டி.வி.யில காட்டுறான், ஒண்ணுமே காதுல விழலையேடி" என்று மார்கழி தோறும் புலம்பும்.

அதனால் பெரியப்பா வீட்டில் சும்மா கிடந்த ஆம்ப்ளிஃபையரையும், அரியமங்கலத்தில் பழைய சாமான் கடையில் வாங்கிய இரண்டு ஸ்பீக்கர்களையும் நாமே மாட்டலாம் என்றார் அப்பா. ஆறாவது படிக்கும் தம்பி கையில் ஸ்க்ரூ டிரைவர். என் கையில் டார்ச் லைட்டு! "பொம்பளப் புள்ள வயரத் தொடாத, ஷாக் அடிச்சிரும்" என்றார் அம்மா.

செட்டாப் பாக்ஸிலிருந்து மஞ்சள் வயர் டி.வி.க்கு. அது படம். வெள்ளையும் சிவப்பும் ஆம்ப்ளிஃபையருக்கு. அது இடது, வலது சத்தம். எல்லாம் சரிதான். ஆனால் மேளச் சத்தம் தகரத்தில் தட்டுவது போலக் கேட்டது. மெக்கானிக்கைக் கூப்பிடலாம் என்றார் அப்பா.

எனக்கு அறிவியல் புத்தகத்தில் படித்த 'ஒலி' பாடம் ஞாபகம் வந்தது. ஸ்பீக்கரில் உள்ள காகிதம் முன்னும் பின்னும் அசைந்து காற்றைத் தள்ளுவதால்தான் சத்தம் வருகிறது. ஒரு ஸ்பீக்கரில் மட்டும் பிளஸ், மைனஸ் மாறிவிட்டால், ஒன்று தள்ளும்போது மற்றது இழுக்கும். கனமான சத்தம் அடிபட்டுப் போகும்.

ஸ்பீக்கரில் பிளஸ் குறி அழிந்திருந்தது. பெரியப்பா முன்பு செய்ததைப் பார்த்திருக்கிறேன். பிளக்கைப் பிடுங்கி, ஸ்பீக்கர் வயரைக் கழற்றினேன். டார்ச்சில் இருந்த 1.5 வோல்ட் பேட்டரியை அதில் ஒரு நொடி தொட்டேன். காகிதம் முன்னால் வந்தால், பேட்டரியின் பிளஸ் தொட்ட முனைதான் பிளஸ். ஒரு ஸ்பீக்கரில் மாறித்தான் இருந்தது. மாற்றி மாட்டினேன். மேளம் கணீரென்று கேட்டது. அப்பாயி எழுந்து உட்கார்ந்துவிட்டது!

தோழிகளே, மின்சாரம் ஆணா பெண்ணா என்று பார்த்து ஷாக் அடிக்காது. ஆபத்து இருக்கிறது என்றால் இருவருக்கும்தானே சொல்லித் தர வேண்டும்? எதையும் மாட்டுவதற்கு முன் பிளக்கைப் பிடுங்க வேண்டும். பழைய பிக்சர் டியூப் டி.வி.யின் பின்பக்கத்தை நாம் திறக்கவே கூடாது. அணைத்த பிறகும் உள்ளே பல ஆயிரம் வோல்ட் தங்கியிருக்கும். அது மெக்கானிக் வேலை. இதெல்லாம் தெரிந்தால் பயமும் அளவாக இருக்கும்.

பள்ளி ஆண்டு விழாவுக்கும் மைக் செட் மாட்டப் பையன்களைத்தான் கூப்பிடுகிறார்கள். எங்களைக் கோலம் போடச் சொல்கிறார்கள். இந்த வருடம் எங்களுக்கும் ஒரு நாள் சொல்லிக் கொடுங்கள் சார். கோலத்தை நாங்கள் விட்டுவிட மாட்டோம். பையன்களும் வந்து புள்ளி வைக்கட்டும்!

இப்படிக்கு,
ஒன்பதாம் வகுப்பு மாணவி